5-எச்டிபி: செரட்டோனினைக் கூட்டும் மாத்திரையில் என்ன பலன், எங்கே ஆபத்து

தூக்கம் சரியில்லை, மனசு பாரமாக இருக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்று இணையத்தில் தேட ஆரம்பித்தால் சீக்கிரமே ஒரு டப்பா கண்ணில் படும். மேலே 5-எச்டிபி என்று போட்டிருக்கும். 50, 100, 200 மில்லிகிராம் என்று அளவுகள் இருக்கும். ‘மூளையின் செரட்டோனினைக் கூட்டும்’, ‘இயற்கையானது’ என்ற வாசகங்களும் இருக்கும். செரட்டோனின் என்பது உடம்பில் செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள், 5-எச்டிபி அது உருவாவதற்கு முந்தைய கட்டம். டாக்டர் சீட்டு கேட்க மாட்டார்கள். ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடும்.

இதை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எந்த மருந்தும் சாப்பிடாத, நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் ஒருவர் குறைந்த அளவில் கொஞ்ச நாள் எடுத்தால், பெரும்பாலும் வயிற்றைப் புரட்டுவதோடு போய்விடும். பலன் கிடைக்குமா என்பதும் உறுதியில்லை. ஆனால் மனச்சோர்வுக்கான மாத்திரையோ சில வகை வலி மாத்திரையோ சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த டப்பாவைத் தேடி வருகிறவர்களில் ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இருப்பார்கள். என்னைக் கவலைப்பட வைப்பது அதுதான்.

செரட்டோனின் இருப்பது எங்கே?

செரட்டோனினை மூளையோடு சேர்த்தே நினைக்கப் பழகிவிட்டோம். ஆனால் அது முதலில் கண்ணில் பட்டது குடலிலும் ரத்தத்திலும்தான். 1930களில் இத்தாலியின் விட்டோரியோ எர்ஸ்பாமர் குடல் செல்களில் ஒரு பொருளைக் கண்டு அதற்கு எண்டரமின் என்று பெயர் வைத்தார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் மூவரும் ரத்தக் குழாயைச் சுருக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து செரட்டோனின் என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது பிறகு தெரிந்தது. அது மூளையிலும் இருப்பதை பெட்டி ட்வாரோக் என்ற இளம் ஆய்வாளர் 1953இல்தான் காட்டினார். உடம்பிலுள்ள செரட்டோனினில் 90 சதவீதம் இன்றைக்கும் குடலில்தான் இருக்கிறது. குடல் அசைவுக்கும், ரத்தத் தட்டணுக்கள் வழியாக ரத்தம் உறைவதற்கும் அது வேலை செய்கிறது.

ரத்தத்தில் இருக்கும் செரட்டோனின் மூளைக்குள் நுழைய முடியாது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் அதை விடுவதில்லை. ஆகவே செரட்டோனினையே மாத்திரையாக விழுங்கினாலும் மனநிலையில் ஒன்றும் நடக்காது. வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறது, சாப்பிட்டால் மனசு லேசாகும் என்று பரவும் குறிப்புகளை இந்தக் காரணத்தால்தான் நம்ப வேண்டாம் என்கிறேன். வாழைப்பழம் நல்ல பழம், தாராளமாகச் சாப்பிடுங்கள். அதிலிருக்கும் செரட்டோனின் மட்டும் மூளைக்குப் போவதில்லை.

மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. மூலப்பொருள் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். பால், முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 240 மில்லிகிராம். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு இது சாதாரணமாகக் கிடைத்துவிடும். அதில் செரட்டோனினாக மாறுவதோ மிகச் சிறிய பங்குதான். பெரும்பகுதி உடம்பின் புரதங்களைக் கட்டவும் வேறு பொருள்களாக மாறவும் போய்விடும். நியாசின் என்ற பி வைட்டமின்கூட இதிலிருந்து கொஞ்சம் உருவாகிறது.

மூளைக்குள் போகும் வழியிலும் நெரிசல் உண்டு. ட்ரிப்டோஃபான் ஏறும் பஸ்ஸில்தான் லியூசின், டைரோசின் போன்ற மற்ற அமினோ அமிலங்களும் ஏற வேண்டும். இருக்கைகள் குறைவு, ட்ரிப்டோஃபானின் எண்ணிக்கையும் குறைவு. கறியும் முட்டையுமாக நிறைய புரதம் சாப்பிட்டால் போட்டியும் சேர்ந்தே கூடிவிடுவதால் மூளைக்குள் போகும் பங்கு கூடுவதில்லை. மாவுச்சத்து சாப்பிட்டால் நடப்பது வேறு. இன்சுலின் சுரந்து, போட்டி அமினோ அமிலங்களைத் தசைகளுக்குள் அனுப்பிவிடும். ட்ரிப்டோஃபானுக்கு வழி கிடைக்கும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபெர்ன்ஸ்ட்ராமும் ரிச்சர்ட் வுர்ட்மனும் எலிகளில் இதைக் காட்டினார்கள்.

உள்ளே போன ட்ரிப்டோஃபானை ஒரு நொதி 5-எச்டிபியாக மாற்றும். இன்னொரு நொதி அதை செரட்டோனினாக மாற்றும். இரண்டாவது வேலைக்கு வைட்டமின் பி6 வேண்டும். முதல் நொதி மெதுவானது. எவ்வளவு செரட்டோனின் உருவாகலாம் என்பதை உடம்பு கட்டுப்படுத்துவது அந்த இடத்தில்தான். 5-எச்டிபி மாத்திரை அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டி நேராக இரண்டாவது கட்டத்துக்குப் போகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில், கானா போன்ற நாடுகளில் வளரும் கிரிஃபோனியா என்ற செடியின் விதையில் இது நிறைய கிடைப்பதால் அங்கிருந்து எடுக்கிறார்கள். ‘இயற்கையானது’ என்ற வாசகம் இங்கிருந்து வருகிறது. விதையிலிருந்து வருவது உண்மைதான். ஆனால் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, 100 மில்லிகிராம் கேப்சூலாக அடைத்த பிறகு அது உடம்பில் வேலை செய்வது மருந்தாகத்தான், உணவாக அல்ல.

இன்னொரு சிக்கல், அந்த இரண்டாவது நொதி மூளையில் மட்டும் இல்லை. குடல், கல்லீரல், சிறுநீரகம் எல்லா இடத்திலும் இருக்கிறது. விழுங்கிய 5-எச்டிபியில் கணிசமான பகுதி மூளையை எட்டும் முன்பே வெளியே செரட்டோனினாகிவிடும். குமட்டல், வயிற்றுப்போக்கு, வயிற்றுப்பிடிப்பு வருவது அதனால்தான். பழைய ஆராய்ச்சிகள் சிலவற்றில் இதைத் தடுக்க கார்பிடோபா என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபாவோடு தருவார்களே, அதே மருந்து. கடையில் வாங்கும் டப்பாவில் கார்பிடோபா இருக்காது. சிலவற்றில் பி6 சேர்த்திருப்பார்கள். அந்த பி6, மூளைக்கு வெளியே நடக்கும் மாற்றத்துக்கும் உதவும் என்பதை யோசிக்க வேண்டும்.

சரி, பலன் உண்டா?

மனச்சோர்வுக்கு 5-எச்டிபியும் ட்ரிப்டோஃபானும் உதவுமா என்று மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் அலசினார்கள். 108 ஆராய்ச்சிகள் கிடைத்தன. நம்பத்தகுந்த முறையில் செய்யப்பட்டவை இரண்டே இரண்டு. அந்த இரண்டிலும் சேர்த்து நோயாளிகள் 64 பேர். மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையைவிட இவை மேல் என்றுதான் அந்த 64 பேரின் முடிவுகள் காட்டின. ஆனால் இவ்வளவு சிறிய சான்றை வைத்து யாருக்கும் பரிந்துரைக்க முடியாது என்று எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வில் 522 ஆராய்ச்சிகள், 1,16,477 பேர். அதில் பார்த்த 21 மருந்துகளும் மாவு மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. எல்லாம் பிரமாதமான வித்தியாசம் இல்லை. ஆனாலும் எதை எந்த அளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள இந்த எண்கள் போதும்.

மற்ற உபயோகங்களுக்கும் சிறு சிறு ஆய்வுகள் உண்டு. 1992இல் இத்தாலியில் உடல் பருமன் உள்ள 20 பேருக்குத் தினமும் 900 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். பசி குறைந்தது, எடையும் குறைந்தது. குமட்டலும் இருந்தது. உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு 1990இல் 50 பேரிடம் ஒரு சோதனை நடந்தது, ஓரளவு நிவாரணம் தெரிந்தது. அப்புறம் தூக்கம். செரட்டோனினிலிருந்துதான் மெலட்டோனின் உருவாகிறது என்பதால் இந்த எதிர்பார்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரிய, உறுதியான சோதனைகள் இல்லை. ஒருவர் எடுத்துப் பார்த்து “எனக்கு நன்றாக இருக்கிறது” என்றால் நான் மறுக்க மாட்டேன். ஒரு மாத்திரை நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையே மனச்சோர்வில் கணிசமான நிவாரணம் தரும் என்பது மருந்துச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டும் உண்மை.

‘செரட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு, கூட்டினால் குணம்’ என்ற கணக்கும் அவ்வளவு நேரானதில்லை. 2022இல் லண்டனைச் சேர்ந்த ஜோவன்னா மான்கிரிஃபும் சக ஆய்வாளர்களும் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு செரட்டோனின் குறைவாக இருக்கிறது என்பதற்கு நிலையான சான்று இல்லை என்று எழுதினார்கள். அதன்மேல் பெரிய சர்ச்சை நடந்தது. அவர்களோடு உடன்படாத மனநல மருத்துவர்களும்கூட, ‘குறைபாடு’ என்ற அந்த எளிய விளக்கத்தைத் தாங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டதாகத்தான் பதில் சொன்னார்கள். மருந்துகள் சிலருக்கு வேலை செய்வது உண்மை, ஏன் வேலை செய்கின்றன என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. சப்ளிமென்ட் டப்பாவின் வாசகமோ மருத்துவர்கள் விட்டுவிட்ட அந்தப் பழைய கணக்கில்தான் இன்னும் நிற்கிறது.

1989இல் நடந்தது

இந்த வகை மாத்திரைகளைப் பற்றிப் பேசும் யாரும் 1989ஐத் தாண்டிப் போகக் கூடாது. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மூன்று பெண்கள் தாங்க முடியாத தசைவலியோடு மருத்துவர்களிடம் போனார்கள். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு தாறுமாறாக ஏறியிருந்தது. அவர்களின் மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது பொதுவாக ஒன்று தென்பட்டது: மூவருமே எல்-ட்ரிப்டோஃபான் சப்ளிமென்ட் சாப்பிட்டு வந்தார்கள். ஆல்புகெர்க்கி ஜர்னல் நாளிதழின் செய்தியாளர் டமார் ஸ்டீபர் இதைத் தொடர்ந்து எழுதினார். அதற்காக அடுத்த ஆண்டு அவருக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது. நவம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த சப்ளிமென்ட்டைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் செய்தது. அதற்குள் நாடு முழுக்க நோயாளிகள் தெரியவந்துகொண்டே இருந்தார்கள். 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், குறைந்தது 37 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு நரம்புப் பாதிப்பும் தோல் இறுக்கமும் வருடக்கணக்கில் நீடித்தன.

விசாரணை ஜப்பானின் ஷோவா டென்கோ நிறுவனத்தில் போய் நின்றது. அவர்கள் பாக்டீரியாவை வைத்து ட்ரிப்டோஃபான் தயாரித்து வந்தார்கள். மரபணு மாற்றிய புதிய பாக்டீரியா வகைக்கு மாறிய அதே சமயத்தில், சுத்திகரிப்பில் பயன்படுத்தும் கரித்தூளின் அளவையும் குறைத்திருந்தார்கள். இரண்டில் எது காரணம் என்பதை இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. நோயோடு சம்பந்தப்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் கலப்புப் பொருள்கள் மிக மிகச் சிறிய அளவிலேயே இருந்தன. 99 சதவீதத்துக்கு மேல் சுத்தமான பொருள் அது. சாப்பிட்டவர் யாருக்கும் தெரிந்துகொள்ள வழியே இருந்திருக்காது.

அதன் பிறகு அமெரிக்காவில் எல்-ட்ரிப்டோஃபான் விற்பனை பல ஆண்டுகள் கட்டுப்படுத்தப்பட்டது. அந்த இடத்தை 5-எச்டிபி பிடித்தது. 1994இல் வந்த சப்ளிமென்ட் சட்டம், விற்பனைக்கு முன் பாதுகாப்பை அரசிடம் நிரூபிக்கும் கட்டாயத்தை இல்லாமல் செய்தது. 1998இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் கடையில் விற்ற 5-எச்டிபி மாத்திரைகளைச் சோதித்தபோது ‘பீக் எக்ஸ்’ என்று பெயரிட்ட ஒரு கலப்பைக் கண்டார்கள். ஆனால் அந்தக் கலப்பால் 1989 போன்ற அழிவு எதுவும் நேரவில்லை.

டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. கனடாவில் 2017இல் 31 மெலட்டோனின் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். எட்டில் செரட்டோனினும் கலந்திருந்தது, எந்த லேபிளிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூக்கத்துக்கு என்று வாங்கியவர் தனக்கே தெரியாமல் செரட்டோனினையும் விழுங்கியிருப்பார். இந்தியாவில் இப்படிப்பட்டவை உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் உணவு விதிகளின் கீழ்தான் வருகின்றன. லேபிளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம் கட்டாயம். வாங்குகிறவரோ மருத்துவப் பயன்பாட்டுக்குத்தான் வாங்குகிறார்.

உயிருக்கு ஆபத்து எங்கே வருகிறது

1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலும் உடல் நடுக்கமுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் மனச்சோர்வுக்கு ஃபெனல்சின் என்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே பெத்திடின் என்ற வலிநிவாரண ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் கட்டுக்கடங்காமல் ஏறி இறந்துபோனார். பயிற்சி மருத்துவர்கள் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்ற நியூயார்க் விதி இந்த மரணத்தால் வந்தது. சேர்க்கக் கூடாத இரண்டு மருந்துகள் சேர்ந்து செரட்டோனின் எல்லை மீறியதுதான் காரணம் என்று மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். இதற்கு செரட்டோனின் சிண்ட்ரோம் என்று பெயர்.

5-எச்டிபி மட்டும் தனியாக இந்த நிலைக்குக் கொண்டுபோவது அரிது. ஆனால் எஸ்சிடலோபிராம், ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. ஒரு பக்கம் வெளியேறும் வழியை அடைத்துவிட்டு மறுபக்கம் உற்பத்தியைக் கூட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் கவனிக்க வேண்டிய வேறு பெயர்களும் உண்டு. மூட்டுவலிக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் தரும் ட்ரமடால், வறட்டு இருமல் சிரப்புகளில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் லினெசோலிட்.

லினெசோலிட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புது மருந்து கொடுத்தபோது, படுக்கையில் கிடந்தவர்கள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாகிவிட்டார்கள். செரட்டோனினைச் சிதைக்கும் எம்ஏஓ என்ற நொதியை அது தடுத்தது. மனச்சோர்வு மருந்துகளின் முதல் வகை அப்படித்தான் பிறந்தது. லினெசோலிட்டும் அதே நொதியை லேசாகத் தடுக்கும். 2024இல் இந்திய அரசு அனுமதித்த ஆறு மாத காசநோய் சிகிச்சையில் அது ஒரு பகுதி. நீண்ட சிகிச்சையில் சோர்ந்துபோகும் நோயாளி, ‘மனசுக்கு’ என்று இப்படி ஒரு டப்பாவை வாங்கிவிடக் கூடாது.

அறிகுறிகள் பெரும்பாலும் மருந்தைச் சேர்த்த அல்லது அளவைக் கூட்டிய 24 மணி நேரத்துக்குள் தெரியும். நிலைகொள்ளாத பதற்றம், வியர்வை, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், விரிந்த கண்மணி, வேகமான இதயத்துடிப்பு. மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பது கால்களை. பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி மடக்கிப் பிடித்தால், கணுக்கால் தானாகவே டக் டக் டக்கென்று விடாமல் துடிக்கும். காய்ச்சல் ஏறி, உடம்பு விறைத்துவிட்டால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாத நிலை அது. சிகிச்சையில் காரணமான மருந்துகளை நிறுத்தி, பதற்றத்தைத் தணிக்கும் ஊசி போட்டு, உடம்பைக் குளிர்விப்பார்கள். சில சமயம் சிப்ரோஹெப்டடின் தருவார்கள். பசியெடுக்க என்று நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் சிரப்பில் இருப்பதும் அதே சிப்ரோஹெப்டடின்தான். அது செரட்டோனினைத் தடுக்கும். ஆனால் வீட்டிலேயே அந்த சிரப்பைக் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நோய் இது இல்லை. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், சாப்பிட்ட எல்லாவற்றையும், சப்ளிமென்ட் உட்பட, சொல்ல வேண்டும். “மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் சப்ளிமென்ட்டை யாரும் சொல்வதில்லை, அதை மாத்திரையாக நினைப்பதில்லை.

இதே தேடலில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும் வரும். மிதமான மனச்சோர்வில் அதற்கான சான்று 5-எச்டிபியைவிட வலுவானது. 2008 காக்ரேன் ஆய்வில் 29 சோதனைகள், 5,489 பேர். அதன் ஆபத்தும் பெரிது. கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாக வெளியேற்றிவிடும். சூரிச்சில் இதய மாற்று செய்துகொண்ட இருவருக்கு, இதனால் உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்து, புதிய இதயத்தையே உடம்பு நிராகரிக்கத் தொடங்கியதாக 2000இல் லான்செட்டில் வந்தது. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், எச்ஐவி மருந்துகள் எல்லாவற்றையும் இது பலவீனமாக்கும்.

கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், குழந்தைகள் 5-எச்டிபி பக்கம் போகாமலிருப்பது நல்லது. இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு மனநிலை எதிர்ப்பக்கம் எகிறிவிடலாம். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுநீரில் 5-எச்ஐஏஏ (செரட்டோனின் சிதைந்து உருவாகும் பொருள்) பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை அந்த அளவை ஏற்றிவிடும், செரட்டோனின் சுரக்கும் கட்டி இல்லாதபோதும் இருக்கிறதோ என்று சந்தேகிக்க வைக்கும்.

வாங்கும் முன் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளச் சொல்வேன். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றும் பார்த்தால் போதும். அசதியும் மந்தமும் இவற்றில் ஒன்றால் வந்திருந்தால் செரட்டோனினைத் தொடவே வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் மனசு எழவே இல்லையென்றால், அல்லது உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு ‘இயற்கையானதுக்கு’ மாற நினைப்பவர்களுக்கு. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். அளவைப் படிப்படியாகக் குறைப்பதை டாக்டர்தான் திட்டமிட வேண்டும். அதைவிட முக்கியம், ஃப்ளூவாக்செட்டினும் உடம்பில் அது மாறி உருவாகும் பொருளும் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். எம்ஏஓ வகை மருந்துக்கு மாற வேண்டுமென்றால் மருத்துவர்கள் ஐந்து வாரம் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். நேற்று நிறுத்திவிட்டு இன்று 5-எச்டிபி தொடங்குகிறவர் இரண்டையும் சேர்த்தே சாப்பிடுகிறார்.